ஆறு நாள் இருந்தால் உட்ரெக்டா, பெர்லினா?

கையில் ஆறு நாள். ஷெங்கன் விசா ஒன்றுதான், ஆம்ஸ்டர்டாமில் இறங்கினாலும் செல்லும், பெர்லினில் இறங்கினாலும் செல்லும். நவீனக் கட்டடக்கலை 1910களிலும் 1920களிலும் எப்படி உருவானது என்பதை நேரில் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் போவது? கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கும் என் அக்கா மகள் கேட்ட கேள்வி இது. அவளுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுதான் முதல் பயணம் என்றால் நெதர்லாந்து. ஏழை எளியவர்களுக்கு வீடு கட்டுவதுதான் உங்கள் அக்கறை என்றால் பெர்லின். பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் கலை, வடிவமைப்புப் பள்ளிக்கு டெசாவ் ஊரில் இருக்கும் கட்டடத்தை மட்டும் பார்க்கவென்று இவ்வளவு தூரம் போக வேண்டாம். கடைசி வரி அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. வகுப்பில் பௌஹவுஸுக்கு ஒரு வாரம், டச்சுக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் என்றுதான் நடத்தியிருக்கிறார்கள்.

நான் எந்தப் பழைய கட்டடத்தின் முன்னால் நின்றாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: இதில் யார் குடியிருந்தார்கள், இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது? படத்தில் அழகாக இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாவது. கீழே சொல்லும் தேர்வெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

முதலில் உட்ரெக்ட். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். பிரின்ஸ் ஹென்ட்ரிக் சாலையில் வரிசையாகச் செங்கல் வீடுகள். அந்த வரிசையின் கடைசிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, வெள்ளையும் சாம்பலுமாகப் பலகைகளை மிதக்கவிட்டதுபோல நிற்கிறது ரீட்வெல்ட் ஷ்ரோடர் வீடு. 1924இல் கட்டியது. எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது. நான் முதல் முறை போனபோது முன்பதிவு செய்யவில்லை. உள்ளே சின்னச் சின்னக் குழுவாகத்தான் விடுகிறார்கள், அன்றைக்கு இடமில்லை. வெளியே நின்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள். விமான டிக்கெட் எடுத்த கையோடு இந்த வீட்டுக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

உள்ளே போனால்தான் விஷயம் புரியும். ட்ரூஸ் ஷ்ரோடர் கணவரை இழந்தவர், மூன்று குழந்தைகளின் தாய். தானும் குழந்தைகளும் மாடியில் ஒன்றாக வாழ வேண்டும், பெரியவர்கள் பேசுவதைக் குழந்தைகளும் கேட்டு வளர வேண்டும் என்று நினைத்தவர். கெரிட் ரீட்வெல்ட் ஒரு தச்சரின் மகன், தானும் தச்சுத்தொழில் செய்தவர், அதுவரை ஒரு முழு வீடுகூடக் கட்டியதில்லை. இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் இது. மாடி முழுக்க ஒரே அறை. தேவைப்பட்டால் தடுப்புகளை இழுத்து மூன்று படுக்கையறையும் ஒரு கூடமுமாக மாற்றிக்கொள்ளலாம். இரவில் சுவர் உண்டு, காலையில் சுவர் இல்லை. அன்றைய கட்டட விதிகள் இப்படிச் சுவரில்லாத மாடிக்கு அனுமதி தராது. அதனால் வரைபடத்தில் மாடியை வெறும் மச்சு என்று காட்டிவிட்டு, கீழ்த்தளத்தை வழக்கமான அறைகளாகப் பிரித்தார்கள். விதியைச் சமாளிக்க வரைபடத்தில் ஒன்று, கட்டுவதில் ஒன்று. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் இவ்வளவு நல்ல காரணத்துக்காக நடந்து நான் பார்த்ததில்லை.

மாடியின் கிழக்கு மூலையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. இரண்டு கதவையும் திறந்தால் அந்த மூலையே காணாமல் போகிறது, அங்கே தூண் கிடையாது. அதைத் திறந்து காட்டும் நொடியில் குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். கட்டியபோது அந்த ஜன்னலுக்கு வெளியே திறந்த வயல்வெளி, உட்ரெக்ட் நகரம் அந்த வீட்டோடு முடிந்தது. 1960களில் பக்கத்திலேயே உயரமான நெடுஞ்சாலை வந்துவிட்டது. இப்போது ஜன்னல் வழியே தெரிவது அந்தப் பாலம்தான்.

இன்னொன்று. புகைப்படத்தில் பார்த்தால் முழுக்கக் கான்கிரீட் என்று தோன்றும். இல்லை. செங்கல் கட்டி மேலே காரை பூசி வண்ணம் அடித்ததுதான். அஸ்திவாரமும் பால்கனிகளும் மட்டும் கான்கிரீட். எந்திர யுகத்தின் வீடு என்று பேர் வாங்கியது, ஆனால் தச்சன் கையால் இழைத்த வீடு. ட்ரூஸ் இங்கேயே 1985இல் இறக்கும்வரை, அறுபது ஆண்டு வாழ்ந்தார். என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தரும் வீடு வேறு எதுவும் இல்லை. கேட்டவரே குடியிருந்தார், கடைசிவரை குடியிருந்தார்.

ஆனால் இது ஒரு வீடு, ஒரு குடும்பம். அவரும் வசதியான குடும்பத்தவர். அந்தக் குறையை ரோட்டர்டாமில் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும். உட்ரெக்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

ரோட்டர்டாமில் எல்லோரும் வான் நெல்லே தொழிற்சாலைக்குப் போவார்கள், நீங்களும் போங்கள். காபி, தேயிலை, புகையிலையைப் பொட்டலம் போட்ட இடம். பிரிங்க்மன், வான் டெர் ஃப்ளுக்ட் என்ற இருவரின் அலுவலகம் கட்டியது, 1931இல் முடிந்தது. தளத்தைத் தாங்குவது காளான் வடிவத் தூண்கள், அதனால் வெளிச்சுவருக்குப் பாரமே இல்லை, முழுக்கக் கண்ணாடி. தொழிலாளிக்கு வெளிச்சம் வேண்டும் என்ற எண்ணத்தைக் கட்டடமாக்கினால் இப்படித்தான் இருக்கும். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குச் சரக்கு போகும் சாய்ந்த பாலங்களைக் கீழே நின்று பார்ப்பதே தனி அனுபவம். 2014 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உள்ளே வழிகாட்டியோடு போக முன்பதிவு வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதே நகரத்தில் ஸ்பாங்கன் பகுதியில் இருக்கும் யூஸ்டஸ் வான் எஃபென் குடியிருப்பு. தொழிற்சாலை கட்டிய பிரிங்க்மனின் தந்தை மிகீல் பிரிங்க்மன் கட்டியது, 1922இல் முடிந்தது. இரண்டாவது மாடியில் சுற்றிலும் ஒரு தெரு ஓடுகிறது. தெரு என்றுதான் சொல்ல வேண்டும், நடைபாதை என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும். பால்காரரும் ரொட்டிக்காரரும் தள்ளுவண்டியைச் சரக்கு லிஃப்டில் ஏற்றி, மேல்வீட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு போவார்களாம். மேலே குடியிருப்பவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம், குழந்தைகள் ஓடலாம். செங்கல் கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் புரட்சி எதுவும் தெரியாது. இதைப் பார்த்தபோதுதான், நவீனம் என்பது வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் என்று நான் வைத்திருந்த எண்ணம் உடைந்தது.

ரோட்டர்டாம் நகராட்சியின் வீட்டுவசதிக் கட்டடக்கலைஞர் ஜே. ஜே. பி. ஔட். ஓவியர் தியோ வான் டூஸ்பர்க் 1917இல் தொடங்கிய டி ஸ்டைல் என்ற கலைப் பத்திரிகைக் குழுவில் ஆரம்பத்தில் இருந்தவர். உட்ரெக்டின் ரீட்வெல்டும் அந்தக் குழுதான். ஸ்பாங்கனில் இவர் கட்டிய வீடுகளுக்கு வான் டூஸ்பர்க் கொடுத்த வண்ணத் திட்டத்தை ஏற்க மறுத்ததில் நட்பு முறிந்தது. ஓவியர் முழுக் கட்டடத்தையும் ஒரு ஓவியமாகப் பார்த்தார், இவரோ வாடகைக்கு வரப்போகும் குடும்பங்களைப் பார்த்தார். நான் ஔட் பக்கம்தான். ஆனால் அவருடைய கீஃப்ஹுக் குடியிருப்புக்குப் போனால் கொஞ்சம் வருத்தமும் மிஞ்சும். மிகக் குறைந்த செலவில் பெரிய குடும்பங்களுக்குக் கட்டிய குட்டி வீடுகள் அவை. அஸ்திவாரம் தாங்கவில்லை. 1990களில் இடித்துவிட்டு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். நீங்கள் பார்ப்பது அசலின் முகம்தான், அசல் அல்ல. பழைய அளவில் ஒரே ஒரு வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரே ஒரு இடம் போதும்: ஹெட் ஸ்கிப், அதாவது கப்பல். மிகேல் டி கிளெர்க் 1921இல் முடித்த தொழிலாளர் குடியிருப்பு. வளைந்த செங்கல், அலையாக ஓடும் சுவர், உள்ளே யாரும் ஏற முடியாத ஒரு கோபுரம். டி ஸ்டைல்காரர்களுக்கு இந்த அலங்காரமெல்லாம் பிடிக்காது. எனக்கு முதலில் கோபுரம் வீண்செலவாகப் பட்டது. அங்கே இருந்த தபால் நிலையத்தின் உள்ளறையை இப்போது அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பணம் அனுப்ப வரும் கூலித் தொழிலாளிக்காக அந்தக் கண்ணாடியையும் சுவர் ஓடுகளையும் இழைத்திருக்கும் விதத்தைப் பார்த்த பிறகு வீண் என்ற சொல் வாயில் வரவில்லை. 1923இல், 39 வயதில் டி கிளெர்க் இறந்துபோனார். 1901இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் வீட்டுச் சங்கங்களுக்கு அரசுக் கடன் கிடைக்க வழி செய்தது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் கப்பலும் இல்லை, ஸ்பாங்கனும் இல்லை.

நேரம் மிச்சமிருந்தால் ஹில்வர்சம். டுடோக் கட்டிய நகராட்சி மன்றமும், டெய்கர் கட்டிய சோனஸ்ட்ரால் காசநோய் மருத்துவமனையும் அங்கே. காசநோய் சீக்கிரம் ஒழிந்துவிடும், கட்டடம் முப்பது நாற்பது ஆண்டு நின்றால் போதும் என்று நம்பி, மிக மெல்லியதாகக் கட்டினார்கள் அந்த மருத்துவமனையை. வைரத் தொழிலாளர்களின் சங்கம் சேர்த்த பணம். பாழடைந்து கிடந்ததைப் பிறகு பாடுபட்டு மீட்டார்கள்.

இத்தனையும் ஒரே ரயில் டிக்கெட் தூரத்துக்குள். இது நெதர்லாந்தின் பெரிய பலம். தங்கும் செலவு அதிகம், அதுதான் குறை. உட்ரெக்டிலேயே ஆறு இரவும் தங்கி, தினம் ஒரு ஊருக்குப் போய்வந்தால் பெட்டி தூக்கும் அலைச்சல் மிச்சம்.

சரி, ஜெர்மனி.

டெசாவ் வேண்டாம் என்று ஏன் சொன்னேன்? கட்டடம் மோசம் என்பதால் இல்லை. 1926 டிசம்பர் 4 அன்று திறந்த அந்தக் கண்ணாடிப் பட்டறைச் சுவர் முன் நின்றால் யாருக்கும் சிலிர்க்கும். ஆனால் அந்தக் கண்ணாடி 1945 குண்டுவீச்சில் போய், 1976இல் புதிதாகப் போட்டது. அப்புறம், அது ஒரு பள்ளி. பள்ளியின் உயிர் மாணவர்களும் பட்டறையும் சண்டையும்தான், அவை எல்லாம் 1932இல் நகர மன்றத்தில் நாஜிகள் மூடவைத்தபோதே போய்விட்டன. பெர்லினிலிருந்து இரண்டு மணி நேரம் ரயிலில் போய் வெறும் கூட்டைப் பார்க்கிறோம் என்ற எண்ணம் எனக்குப் போகவே இல்லை. மாணவர்கள் தங்கிய அறையில் ஓர் இரவு தங்க இடம் கொடுக்கிறார்கள், அது கிடைத்தால் மட்டும் நான் சொன்னதை மறந்துவிட்டுப் போங்கள்.

போனால் பள்ளியோடு நிறுத்தாதீர்கள், அதே ஊரின் டோர்ட்டன் பகுதிவரை போய்வாருங்கள். அங்கே பௌஹவுஸின் முதல் இயக்குநர் வால்டர் குரோப்பியஸ் 1926 முதல் 1928 வரை 314 வீடுகள் கட்டினார். தொழிற்சாலையில் பொருள் செய்வதுபோல, கான்கிரீட் கட்டைகளை அங்கேயே வார்த்து, வரிசையாக நட்டுக்கொண்டே போனார்கள். குடிவந்தவர்கள் பின்னாளில் ஜன்னலை மாற்றினார்கள், முகப்பை மாற்றினார்கள், ஓடு ஒட்டினார்கள். இன்று அசல் முகத்தோடு இருப்பவை சில மட்டுமே. பலர் இதைக் கெடுத்துவிட்டதாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜன்னல் அடித்தளம் மிக உயரத்தில், உட்கார்ந்தால் வெளியே தெரியாது. அதைத் தாழ்த்திக்கொண்டவர்மேல் என்ன தவறு? பக்கத்திலேயே அடுத்த இயக்குநர் ஹன்னஸ் மேயரின் கீழ் மாணவர்கள் சேர்ந்து 1930இல் முடித்த ஐந்து செங்கல் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஒவ்வொரு வீடும் சுமார் 48 சதுர மீட்டர்தான். பெரிதாக யாரும் கைவைக்கவில்லை, இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். எது வென்றது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெர்லின் வேறு கதை. இங்கே பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் குதிரை லாடக் குடியிருப்புக்காகவே ஒருவர் பயணம் போகலாம். புரூனோ டௌட்டும் மார்ட்டின் வாக்னரும் 1925இல் தொடங்கியது. ஒரு பழைய குளத்தைச் சுற்றி, சுமார் 350 மீட்டர் நீளத்துக்கு லாடம்போல வளைந்த மூன்று மாடிக் கட்டடம், அதைச் சுற்றி வரிசை வீடுகள். மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும், டிக்கெட் இல்லை, காவல் இல்லை. துணி காய்கிறது, சைக்கிள் சாய்ந்திருக்கிறது. கதவுகள் ஒவ்வொன்றும் ஒரு வண்ணம், ஒரு வரிசை முழுக்க ஆழ்ந்த சிவப்பு, இன்னொரு இடத்தில் நீலம். டௌட்டிடம் அலங்காரத்துக்குப் பணமில்லை, வண்ணத்துக்கு இருந்தது. ஸேலன்டார்ஃப் பகுதியில் அவர் கட்டிய இன்னொரு குடியிருப்பில், கிழக்கு பார்த்த சுவருக்குப் பச்சை, மேற்கு பார்த்த சுவருக்குச் செம்பழுப்பு என்று வெயிலைப் பார்த்து வண்ணம் கொடுத்திருக்கிறார்.

இவ்வளவு வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள், பாதி அழகு அதில்தான் இருக்கிறது. 1923 பணவீக்கத்தில் ஜெர்மானிய மார்க் மதிப்பிழந்தபோது, பழைய வீட்டுக்காரர்களின் அடமானக் கடன் தானாகவே கரைந்துபோனது. உழைக்காமல் வந்த அந்த லாபத்தின்மேல் 1924இல் வரி போட்டார்கள். அந்த வரியிலிருந்து ஒரு பகுதியில்தான் இந்தக் குடியிருப்புகள் எழுந்தன. கட்டடக்கலை வகுப்பில் இதை யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் டௌட்டின் வளைவைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

கூரைக்கும் ஒரு சண்டை நடந்தது. நமக்கு மொட்டைமாடி சாதாரணம், வடாம் காயவைக்கும் இடம். அங்கே 1920களில் தட்டைக் கூரை என்பது ஓர் அரசியல் நிலைப்பாடு. பிரிட்ஸில் தெருவின் ஒரு பக்கம் டௌட்டின் தட்டைக் கூரைகள், எதிர்ப்பக்கம் வேறொரு நிறுவனம் கட்டிய சாய்ந்த ஓட்டுக்கூரைகள். நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். எல்லாம் அரசியலானால் என்ன ஆகும் என்பதற்கு டௌட்டின் வாழ்க்கையே சாட்சி: 1933இல் நாட்டைவிட்டுப் போனார், ஜப்பானில் சில ஆண்டு, கடைசியில் 1938இல் இஸ்தான்புல்லில் இறந்தார்.

ஸ்டுட்கார்ட்டை எங்கே வைப்பது என்று அக்கா மகள் கேட்டாள். 1927இல் மீஸ் வான் டெர் ரோஹே தலைமையில் நடந்த வைசன்ஹோஃப் கண்காட்சிக் குடியிருப்பு அங்கே. டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் ஒரே குன்றில் கட்டிய ஒரே இடம் என்பதால் ஆசை வருவது நியாயம்தான். ஔட்டின் ஐந்து வரிசை வீடுகளும், மார்ட் ஸ்டாமின் மூன்று வீடுகளும் இன்னும் நிற்கின்றன. பின்கால் இல்லாமல், வளைத்த குழாயின் பலத்தில் நிற்கும் நாற்காலியை ஸ்டாம் காட்டியதும் அங்கேதான். முதல் மாதிரியைச் சாதாரண கேஸ் குழாய்களைப் பூட்டித்தான் செய்திருந்தார். மீஸ் அதைப் பார்த்துத் தன் பங்குக்கு ஒன்று செய்தார். 1932இல் ஜெர்மன் உயர் நீதிமன்றம் அந்த வடிவத்தின் உரிமை ஸ்டாமுக்கு என்று தீர்ப்பு சொன்னது. இத்தனை கதை இருந்தும் ஆறு நாளில் ஸ்டுட்கார்ட்டுக்கு இடம் கொடுக்க மாட்டேன். பெர்லினிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். அசல் 21 கட்டடங்களில் பாதியைப் போரும் அதற்குப் பிந்தைய இடிப்பும் கொண்டுபோய்விட்டன. அடிப்படையில் அது கண்காட்சி, குடியிருக்கப் போகிறவர் யார் என்று தெரியாமலே கட்டியது.

அதற்குப் பதிலாக ஃபிராங்க்ஃபர்ட். இந்தியாவிலிருந்து போகும் பல விமானங்கள் அங்கேதான் இறங்குகின்றன, எனவே அரை நாள் ஒதுக்குவது கடினமில்லை. எர்ன்ஸ்ட் மே 1925 முதல் 1930 வரை நகரின் கட்டட இயக்குநராக இருந்தபோது கட்டிய ரோமர்ஸ்டாட் குடியிருப்பில் ஒரு வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அதில் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த சமையலறையைப் பார்க்கலாம். 1.9க்கு 3.4 மீட்டர். மாவு, அரிசி போட்டுவைக்கக் கைப்பிடி வைத்த அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து காய் நறுக்க ஜன்னலோரத்தில் பலகை. ஓர் எட்டு வைத்தால் அடுப்பு, திரும்பினால் தொட்டி. இன்று நம் அடுக்குமாடி வீடுகளில் மாடுலர் கிச்சன் என்று விற்பதன் பாட்டி இது. ஆனால் அதற்குள் இரண்டு பேர் நிற்க முடியாது. உட்ரெக்டில் ட்ரூஸ் குழந்தைகளோடு இருக்கச் சுவரை எடுத்தார், இங்கே சமைப்பவரைத் தனியே ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள், நல்ல எண்ணத்தோடுதான். இரண்டையும் பார்த்தவருக்கு வீட்டைப் பற்றி யோசிக்க நிறைய இருக்கும்.

அப்படியானால் நெதர்லாந்தை ஏன் முதலில் சொல்கிறேன்? தூரம் ஒரு காரணம். இன்னொன்று, வரிசை. வான் டூஸ்பர்க் 1921இல், பௌஹவுஸ் டெசாவுக்கு வருமுன் இருந்த வைமாருக்குப் போய், அது தன்னை ஆசிரியராக எடுத்துக்கொள்ளாதபோது, அடுத்த ஆண்டு அந்த ஊரிலேயே தனியாக வகுப்பு நடத்தினார். மாணவர்கள் போய்க் கேட்டார்கள். பௌஹவுஸ் மாணவர் மார்செல் ப்ராயர் 1922இல் செய்த பலகை நாற்காலியைப் பார்த்தால் ரீட்வெல்ட் தெரிவார். முதலில் உட்ரெக்டைப் பார்த்துவிட்டுப் பிறகு டெசாவையோ வைமாரையோ பார்ப்பவருக்கு இந்தத் தொடர்ச்சி கண்ணிலேயே படும். தலைகீழாகப் போனால், டச்சுக்காரர்கள் ஏதோ பௌஹவுஸின் கிளை என்ற தவறான எண்ணம் மனதில் தங்கிவிடும்.

அக்கா மகளுக்கு வீட்டுவசதியில் ஆர்வம் உண்டு, ஆனால் ஐரோப்பா இதுதான் முதல் முறை. அதனால் இரண்டையும் சேர்த்து ஒன்று போட்டுக் கொடுத்தேன். உட்ரெக்ட் ஒரு நாள், ரோட்டர்டாம் ஒன்றரை நாள், ஆம்ஸ்டர்டாம் அரை நாள். நான்காம் நாள் காலை ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேர் ரயிலில் பெர்லின், ஏறக்குறைய ஆறு மணி நேரம். மிச்சம் இரண்டு நாளில் ஒன்று பிரிட்ஸுக்கும் ஸேலன்டார்ஃபுக்கும். ஹில்வர்சமும் டெசாவும் ஸ்டுட்கார்ட்டும் அடுத்த முறைக்கு.

கடைசி நாளுக்கு பெர்லினின் வெட்டிங் பகுதியில் ஷில்லர்பார்க் குடியிருப்பு என்று எழுதினேன். டௌட் 1924இல் தொடங்கியது. அதற்கு முன் அவர் நெதர்லாந்து போய்ச் செங்கல் குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வண்ணக்காரர் என்று பேர் வாங்கிய மனிதர் இங்கே வண்ணப்பூச்சைக் குறைத்துக்கொண்டு, செங்கல்லை வெளியே தெரிய விட்டிருக்கிறார். மூன்று நாளைக்கு முன் ஸ்பாங்கனிலும் கப்பலிலும் செங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. காலையில் போ, முற்றத்துப் பக்கம் வெயில் அப்போதுதான் விழும் என்று மட்டும் சொன்னேன்.